வயிற்றுக்குச் சுயராஜ்யம்

காரவள்ளியைத் தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றையெல்லாம் கடந்தால்தான் கொல்லி மலையின் மேல்தளத்தை அடையலாம். சமவெளியிலிருந்து முதன் முறையாக வருகிற நண்பர்களில் பலர், நாற்பதாவது வளைவுக்குள் காலைப் பலகாரத்தைப் பறி கொடுத்துவிடுவது வழக்கம். மேலே வந்து சேர்ந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவர்கள் நம்மிடம் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "போதும் போதும் என்று வயிறு சொல்லிற்று. கேளாமல் இரண்டு இட்லி கூடப் போட்டுக்கொண்டேன்!"

இந்த மலையில் ஒரு சர்க்கார் நடுநிலைப் பள்ளியில் பல வருஷங்களாக உபாத்தியாயர் வேலை பார்த்து வருகிறோம். கணக்கும் விஞ்ஞானமும் போதிப்பது நம் உத்தியோகம். வயிறு சொல்வதைக் கேட்பதற்கும் ஒரு பாடம் உண்டு என்பதும், அதை முதலில் கற்க வேண்டியவர் உபாத்தியாயர்தான் என்பதும், நாமே ஒரு தவறு செய்த பிறகுதான் நமக்கு விளங்கின.

அது ஆனி மாதம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மத்தியானச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். அன்றைய தினம் சாம்பார் சாதமும் முட்டையும். "ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திரு" என்று சொல்லி, அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டோம். பையன் நல்ல பிள்ளை. எதிர்த்துப் பேசாமல் சாப்பிட்டான். சாப்பிட்ட அத்தனையையும் பத்து நிமிஷத்தில் வேப்பமரத்தடியில் கக்கினான். மறுநாளிலிருந்து மத்தியான மணி அடித்தால் அவனைக் காணோம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதற்கே அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

நாலாம் நாள் சாயங்காலம் அவன் வீட்டிற்குப் போனோம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாள். "பலாப்பழக் காலமாச்சே, வாத்தியாரே! வர்ற வழியெல்லாம் பழத்தைத் தின்னுட்டுத்தானே பள்ளிக்கூடம் வர்றான்? வயித்துல எடமில்லாத பிள்ளைக்குச் சோறு எங்கே போகும்?" என்றாள்.

நாம் விஞ்ஞானப் பட்டதாரி. இரைப்பையின் படத்தைக் கரும்பலகையில் வருஷந்தோறும் எழுதுகிறவர். இருந்தும் அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

நம் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவது முறை. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளையின் தட்டில் சோறு வந்து விழுந்தது சுலபமாக நடந்த காரியமல்ல. 1920-ல் தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மத்தியான ஆகாரம் போடத் துவங்கிற்று. 1956-ல் காமராஜர் அதை ராஜ்யமெங்கும் கொண்டுபோனார். 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989-ல் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் ஆரம்பப் பள்ளிகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. நம் தந்தையார் பசியோடு பள்ளிக்கூடம் போனவர். அவர் வளர்த்த பிள்ளைக்கு, தட்டில் மிஞ்சிய சோறு பாவமாகத் தோன்றுவது இயற்கைதானே? மலைமேல் உள்ள தாய் தந்தையர் பலருக்கும் இதே எண்ணந்தான். பஞ்சத்தை அறிந்த கை, பிள்ளையின் வாயில் ஒரு கவளம் அதிகமாகவே திணிக்கும். அன்பின் குற்றம் என்று அதைச் சொல்லலாம். ஆனாலும் குற்றம் குற்றமே.

லியான் பர்ச் என்ற அமெரிக்க அம்மையார், மழலைப் பள்ளிக் குழந்தைகளின் ஆகாரப் பழக்கத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். 1987-ல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று நம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கிறது. குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம், "பசிக்கிறதா? வயிறு நிறைந்ததா?" என்று அவர்களுடைய வயிற்றைப் பற்றியே பேசி வந்தார்கள். மற்றப் பிரிவினரிடம் மணியையும் தட்டையும் காட்டி, தட்டைக் காலி செய்தவர்களுக்குப் பரிசும் கொடுத்தார்கள். பிறகு சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு நாள் சத்து அதிகமுள்ள பண்டத்தையும் ஒரு நாள் சத்துக் குறைந்த பண்டத்தையும் சிறிது தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். முதற் பிரிவினர் முன்னதை அதிகமாக உண்ட நாளில் பின்னதைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். தட்டைக் காலி செய்யப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்குப் போட வரவில்லை. வெளியிலிருந்து வந்த கட்டளை, உள்ளேயிருந்து வந்த குரலை அமுக்கிவிட்டது.

அந்தக் குரல் ஏதோ மாயம் அல்ல. வயிறு விரிவதை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஆகாரம் குடலை அடைந்ததும் அங்கே ஊறும் சில ஹார்மோன்கள், "போதும்" என்ற தபாலை மேலே அனுப்புகின்றன. தபால் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும். அள்ளி அள்ளி விழுங்குகிறவனுக்குக் கடிதம் கிடைப்பதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணும்படி சொன்னதும் இந்தத் தபாலைப் படிக்கச் சொன்னதே என்று நாம் வகுப்பில் வியாக்கியானம் செய்வதுண்டு. தமிழாசிரியர் இதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி, இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் கொலராடோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சூசன் ஜான்சன். 2000-ல் வெளியான அவருடைய பரிசோதனையில், ஆறு வார காலம் சிறு குழந்தைகளுக்குப் பொம்மைகளை வைத்துப் பசியையும் நிறைவையும் பற்றிப் பாடம் நடந்தது. பொம்மைகளின் வயிறு வெவ்வேறு அளவில் நிரப்பப்பட்டிருந்தது. பாடம் முடிந்த பிறகு, மிகையாக உண்டு வந்தவர்களும் குறைவாக உண்டு வந்தவர்களும் இரு சாராருமே சரியான அளவை நோக்கி நகர்ந்தார்கள்.

நாமும் பொம்மை செய்தோம். பழைய சீருடைத் துணியில், ஏழாம் வகுப்பில் ஊசி பிடிக்கத் தெரிந்த ஒரு பையனும் இரண்டு பெண்களும் மூன்று பொம்மைகளைத் தைத்தார்கள். ஒன்றின் வயிற்றுப் பையில் ஒன்றுமில்லை. ஒன்றில் பாதி மணல். மூன்றாவதில் முட்ட முட்ட மணல். அதற்குப் பிள்ளைகளே 'கல்யாண வீட்டு மாமா' என்று நாமகரணம் செய்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஒவ்வொருவரும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, தாம் எந்தப் பொம்மை என்று சொல்ல வேண்டும். சத்துணவு ஆயா முதலில் பாதியளவே போடுவார். அதை உண்டு, தண்ணீர் குடித்து, பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மறுபடியும் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, வேண்டுமானால் மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லக் கூடாது. வேண்டாம் என்றவனை ஏன் என்று கேட்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

முதல் வாரம் பெரிய கலவரம். பையன்களில் சிலர் வேண்டுமென்றே மூன்று முறை வாங்கி வந்து, மூச்சு முட்டிப்போய் மத்தியானம் முழுவதும் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார்கள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர்களே, "நேற்று நான் கல்யாண வீட்டு மாமா, சார்" என்று ஒப்புக்கொண்டார்கள். ஆயாவுக்கும் சிரமந்தான்: ஒரு தடவை போடுகிற சோற்றை இரண்டு தடவை போட வேண்டும். அவர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். மாதம் ஒன்று ஆவதற்குள், மிச்சச் சோறு கொட்டுகிற வாளியின் அடி மட்டுமே மறைந்தது. அந்த வாளியை நம்பிப் பள்ளி வாசலில் குடித்தனம் நடத்திய இரண்டு நாய்கள் ஜாகை மாறிப் போயின.

ஆனால் இந்த ஏற்பாடு நமக்குக் காட்டிக் கொடுத்த முக்கியமான சங்கதி வேறு. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மற்ற நாட்களில் எல்லோரையும் போலச் சாப்பிடுவாள். திங்கட்கிழமையில் மட்டும் மூன்று தடவை வந்து நிற்பாள். காலைச் சிற்றுண்டியிலும் அப்படியே. பெருந்தீனிக்காரி என்று முன்பெல்லாம் நினைத்திருப்போம். "போதும், போய் உட்கார்" என்று ஒரு முறை சொல்லியுங்கூட இருக்கிறோம். விசாரித்ததில், தாயும் தந்தையும் கூலி வேலைக்காகக் கீழ்நாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றும், சனி ஞாயிறுகளில் அவளும் தம்பியும் வேக வைத்த குச்சிக்கிழங்கில் காலம் தள்ளுகிறார்கள் என்றும் தெரிய வந்தது. அவளுடைய வயிறு கணக்குத் தப்பவில்லை. இரண்டு நாள் பாக்கியைத் திங்கட்கிழமை வசூல் செய்தது. 'அளவோடு உண்' என்று இத்தகைய பிள்ளையிடம் உபதேசம் செய்வதைக் காட்டிலும் கொடுமை உண்டோ? அளவை அவள் சொல்ல வேண்டும். உலையில் அரிசி போடுவதுதான் நம் கடமை. இப்பொழுது ஆயா திங்கட்கிழமைகளில் அவளைக் கேட்காமலே இரண்டாம் கரண்டியைத் தயாராக வைத்திருக்கிறார். சனி ஞாயிறுக்கு என்ன வழி என்பதற்கு நம்மிடம் இன்னும் விடையில்லை.

"பிள்ளையின் கையில் விட்டால் மிட்டாயையல்லவா தின்னும்?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண நூறு வருஷத்துக்கு முன்னாலே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது.

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் 1926-ல் அதைத் தொடங்கினார். பின்னால் சிகாகோ நகரில் பல வருஷம் நடத்தினார். அனாதைகளும், தாயார் வளர்க்க இயலாமல் ஒப்படைத்த சிசுக்களுமாகப் பதினைந்து குழந்தைகள். தாய்ப்பால் தவிர வேறு ஆகாரம் அறியாத பருவத்திலேயே அவர்களை எடுத்துக்கொண்டார். பால், முட்டை, மாமிசம், தானியம், கீரை, கிழங்கு, பழம் என்று முப்பத்துநான்கு வகைப் பதார்த்தங்கள் பட்டியலில் இருந்தன. வேளைக்குச் சிலவாகக் கிண்ணங்களில் வைப்பார்கள். தாதி கையில் கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருப்பாள். குழந்தை கை காட்டினால் மட்டும் ஊட்டலாம். சிபாரிசு செய்யக் கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது. நம் நாட்டுப் பாட்டிமார்களால் ஒரு வேளைகூட அந்த வேலையைப் பார்க்க முடியாது!

குழந்தைகள் என்ன செய்தன? ஒன்றைப் போல் மற்றொன்று சாப்பிடவில்லை. ஒரு நாள் முட்டையாகவே தின்னும். ஒரு வாரம் பழத்தையே கட்டிக்கொண்டு அழும். 36,000 வேளைச் சாப்பாட்டுக்கு மேல் குறித்து வைத்துக் கூட்டிப் பார்த்தபோது, எல்லாமே நன்றாக வளர்ந்திருந்தன. எலும்பு நோயான ரிக்கெட்ஸோடு வந்த ஒரு குழந்தையின் முன்னால் மீன் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். அது அவ்வப்போது தானே அந்த எண்ணெயைக் குடித்தது. நோய் தீர்ந்த பிறகு தொடவில்லை. தாயற்ற சிசுக்களை வைத்து இப்படி ஒரு பரிசோதனை நடத்த இந்தக் காலத்தில் யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஆயினும் டாக்டரம்மாள் 1939-ல் ஒளிவு மறைவின்றி எழுதிய ஒரு சூட்சுமம் கவனிக்கத்தக்கது. தந்திரமெல்லாம் பட்டியலில்தான் இருந்ததாம். சர்க்கரையோ டப்பாவில் அடைத்த பண்டமோ அதில் கிடையாது. எதை எடுத்தாலும் நல்லதாக இருக்கும்படி பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் எது, எவ்வளவு என்பதைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டன.

சுயராஜ்யத்துக்கும் ஓர் எல்லைக்கோடு வேண்டியிருக்கிறது. நம் பள்ளிக்கூடத்தின் எல்லைக்கோடு ஒரு பெட்டிக்கடை.

அந்தக் கடையில் பளபளக்கும் பாக்கெட்டுகள் தோரணம் கட்டித் தொங்குகின்றன. ஐந்து ரூபாய்க்கு உப்பும் எண்ணெயும் காரப்பொடியும். இந்தப் பண்டங்களின் முன்னால் வயிற்றின் குரல் எடுபடுவதில்லை. அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவர் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வயது வந்த இருபது பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திய பண்டங்களையும் இரண்டு வாரம் சாதாரண உணவையும் கொடுத்து, வேண்டுமட்டும் தின்னச் சொன்னார்கள். இரண்டிலும் வைத்த சத்தின் அளவு ஒன்றாகவே இருந்தும், ஆலைப் பண்டம் தின்ற நாட்களில் தினத்துக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உள்ளே போயிற்று. வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், எட்டு வயதுப் பையனை மட்டும் கண்டித்துப் பயன் என்ன? பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கலாகாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி வகுத்திருக்கிறது. கடையை அளந்து பார்த்தோம். நாற்பது மீட்டர் இருந்தது. கடைக்காரரோ நம் மாணவன் ஒருவனின் தந்தை. அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. சட்டப் புத்தகத்தைக் காட்டாமல், ஒரு நாள் அவரோடு தேநீர் குடித்தோம். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வாழைப்பழம், அவித்த மொச்சை ஆகியவை முன்வரிசைக்கு வந்தன. பாக்கெட்டுகள் பின்னே போயின. மறைந்துவிட்டன என்று சொல்ல நமக்கும் ஆசைதான்.

சாமையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையின் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. இங்குள்ள பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு இவைதான் இவர்களுடைய முன்னோர் உண்ட சோறு. பிறகு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலை ஏறிற்று. கிழங்கு ரொக்கம் தந்தது. சாமையோ உரலில் குத்திக் குத்திப் பெண்களின் தோளை ஒடித்தது. 2011 முதல் ரேஷன் அரிசியும் இலவசமாகிவிட்டது. குறை சொல்ல யாருக்கு உரிமை? ஆனால் பச்சைக் கிழங்கு நூறு கிராமில் புரதம் ஒரு கிராம் அளவே உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் அது பத்தைத் தாண்டுவது அரிது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றி, உமி நீக்கும் இயந்திரங்களையும் கிராமங்களுக்குக் கொண்டுவந்து, தோள்வலிக்கு ஒரு பரிகாரம் தேடினார்கள்.

பள்ளித் தோட்டத்தில் இரண்டு பாத்தி சாமை விதைத்தோம். விளைந்ததைப் பொங்கி, பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி வீதம் வைத்தோம். "இது தாத்தா காலத்துச் சோறு" என்று பாதிப் பேர் ஒதுக்கிவிட்டார்கள். நமக்குச் சுருக்கென்றது. தின்றவனுக்கு மிட்டாய் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்: லஞ்சம் கொடுத்துத் தின்ன வைத்த பண்டத்தின் மேல் குழந்தைக்கு விருப்பம் குறைகிறதென்பதையும், புதிய ருசி பிடிபடப் பத்துத் தடவையாவது வற்புறுத்தலின்றிச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதென்பதையும் அதே பர்ச் அம்மையாரின் ஆராய்ச்சிகளில் படித்திருந்தோம். ஆகையால் வாயை மூடிக்கொண்டு, வாரம் ஒரு முறை ஒரு கரண்டி வைத்தோம். நாமும் அதே வரிசையில் உட்கார்ந்து தின்றோம். தை மாதத்தில் ஒதுக்கியவர்கள் பங்குனியில் மோர் விட்டுக் கேட்டார்கள். எட்டுப் பேர் இன்று வரை தொடவில்லை. அவர்களில் ஒருவன் தலைமையாசிரியரின் பிள்ளை.

வேப்பமரத்தடிப் பையன் இப்பொழுது ஆறாம் வகுப்பு. வரிசைக்கு அவன் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் நாம் அந்தப் பக்கம் தலை காட்டாமல் இருந்த பிறகுதான். சென்ற ஆனியில் ஒரு நாள், தட்டோடு ஆயாவின் முன்னால் நின்றவன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தான். பிறகு நம் பக்கம் திரும்பி, "சார், உள்ளே ஏற்கெனவே எட்டுச் சுளை இருக்கு. அரைக் கரண்டி போதும், முட்டை மட்டும் முழுசா வேணும்" என்றான்.